பழுதுபார்த்த பிறகும் கூலன்ட் கசிவது ஏன்?

கேள்வி: எனது 1960களின் காருக்கு வாட்டர் பம்ப்பையும் ரேடியேட்டர் ஹோஸ்களையும் புதிதாக மாற்றினேன். இருந்தும், வண்டியை ஓட்டி நிறுத்திய மறுநாள் காலையில் தரையில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சை நிறத் திட்டாகத் தெரிகிறது. புதிய பம்ப் பழுதானதா?

பதில்: பம்ப்பைக் கழற்றும் முன், ஹோஸ்களை இறுக்கிப் பிடிக்கும் வளையங்களான கிளாம்ப்புகளைப் பாருங்கள். புதிய ரப்பர் சில முறை சூடாகி ஆறியதும் சற்றே அமுங்கிவிடுவதால், முதல் நாளில் இறுக்கமாக இருந்த கிளாம்ப் பின்னர் தளர்ந்துவிடும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு அதை மீண்டும் இறுக்கினாலே பல கசிவுகள் நின்றுவிடுகின்றன.

அடுத்து, பம்ப்பின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளையை விரலால் தடவிப் பாருங்கள். புதிய பம்ப்பில் தொடக்கத்தில் ஓரிரு துளி வரலாம். ஆனால் தொடர்ந்து சொட்டினால் உள்ளிருக்கும் சீல் சரியில்லை என்றே கொள்ள வேண்டும், அந்தத் துளையை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

ரேடியேட்டர் மூடியையும் மறந்துவிடாதீர்கள். 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்தத்துக்கென வடிவமைக்கப்பட்ட பழைய ரேடியேட்டருக்கு 13 பிஎஸ்ஐ மூடியைப் பொருத்தினால், ஈயப்பற்று வைத்த பழைய இணைப்புகளே கசியத் தொடங்கும். விரிவுத் தொட்டி இல்லாத வண்டியில் கழுத்துவரை நிரப்பினால், சூட்டில் விரியும் திரவம் வழிகுழாய் வழியே வெளியேறும், அது கசிவன்று.

எதுவும் பிடிபடாவிட்டால், ஆறிய இன்ஜினில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. நாயோ பூனையோ நக்குவதற்குள் தரையைக் கழுவிவிடுங்கள்.