எம்பிஏ-வை விட்டு விலகினால் இரண்டாம் வருடக் கட்டணத்தையும் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகளை கோவையில் அண்ணா பல்கலைக்கழக இணைப்பு உள்ள ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் எம்பிஏ சேர்த்தோம். முதல் வருடத்துக்கு 1,20,000 ரூபாய் கட்டினோம். சேர்த்துவிட்ட கன்சல்டன்சிக்காரருக்குத் தனியாக 25,000. வகுப்பு தொடங்கிப் பத்தாவது நாள் அவளுக்கு வங்கி வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. விலகுகிறோம் என்று போய்ச் சொன்னால், இரண்டாம் வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் பிகாம் மதிப்பெண் பட்டியல், டிசி (மாற்றுச் சான்றிதழ்) எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். கன்சல்டன்சிக்காரரோ 40,000 கொடுங்கள், பேசி வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு தந்தை)

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. அந்த 40,000-ஐயும் கொடுக்க வேண்டாம், இரண்டாம் வருடக் கட்டணத்தையும் கட்ட வேண்டாம். விலகிப் போகும் மாணவரிடம் அடுத்த வருடங்களுக்கான கட்டணத்தை எந்தக் கட்டத்திலும் கேட்கக் கூடாது என்று, தொழில்நுட்ப, மேலாண்மைப் படிப்புகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ-யின் விதியில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. அசல் சான்றிதழ்களை எந்தச் சாக்கைச் சொல்லியும் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, சேரும்போது சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் போட்ட உத்தரவு. சான்றிதழ் என்பது அடகு வைக்கிற பொருள் அல்ல, பாக்கி இருக்கிறது என்று சொல்லி அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. டிசி மட்டும் கொஞ்சம் வேறு. பழைய கல்லூரியின் டிசி புதிய கல்லூரியின் கோப்புக்குள் போய்விடும், விலகும்போது இவர்கள் தங்கள் பெயரில் புது டிசி எழுதித் தருவார்கள். அதற்கு, பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூ படிவத்தில் நூலகம், விடுதி கையெழுத்து கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அது நியாயமானதுதான்.

பணம் எவ்வளவு திரும்பும்? வகுப்பு தொடங்கிவிட்டது, இனி ஒரு ரூபாய் கிடைக்காது என்று அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். பெற்றோர் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். யுஜிசி கணக்கு வகுப்பு தொடங்கிய நாளை வைத்து இல்லை, சேர்க்கைக்கு என்று முறையாக அறிவிக்கப்பட்ட கடைசி நாளை வைத்து. அந்த நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை (செயல்முறைக் கட்டணமாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம்), 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, 16 முதல் 30 நாள் வரை 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. உங்கள் 1,20,000-க்கு 80 சதவீதம் என்றாலே 96,000 வரும். காப்புத் தொகை (காஷன் டெபாசிட்) இந்தக் கணக்கில் சேராது, அது முழுதாகத் திரும்ப வேண்டும். இதுபோக சில வருடங்களுக்கு யுஜிசி தனியாகச் சுற்றறிக்கையும் விட்டிருக்கிறது. 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம் என்று இருந்தது. இந்த வருடத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று யுஜிசி தளத்தில் பாருங்கள். பணத்தைத் திருப்ப யுஜிசி 15 நாள் என்கிறது, ஏஐசிடிஇ 7 நாள் என்கிறது. இரண்டும் ஒரே அரசின் அமைப்புகள், இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சடித்து கல்லூரி வாசலில் ஒட்டச் சொல்ல இத்தனை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

ஒரு விஷயத்தை நிதானமாகப் பாருங்கள். ரசீதில் எம்பிஏ என்று இருக்கிறதா, பிஜிடிஎம் என்று இருக்கிறதா? ஒரே வளாகத்தில் இரண்டும் நடக்கும், பேச்சில் இரண்டையும் எம்பிஏ என்றுதான் சொல்வார்கள். எம்பிஏ பல்கலைக்கழகம் தரும் பட்டம். பிஜிடிஎம் என்பது ஏஐசிடிஇ அனுமதியோடு அந்த நிறுவனமே தரும் டிப்ளமோ, அதற்குப் பல்கலைக்கழக இணைப்பு கிடையாது. பிஜிடிஎம் என்றால் மேலே சொன்ன சதவீதக் கணக்கைக் கொண்டுபோய்ப் பேசாதீர்கள், அங்கே ஏஐசிடிஇ கணக்குதான். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். தொடங்கிய பிறகு என்றால், நீங்கள் விட்ட இடத்தில் கடைசி நாளுக்குள் வேறொருவர் சேர்ந்தால் படித்த மாதங்களுக்கு உரியது போக மீதி வரும். யாரும் சேராவிட்டால் காப்புத் தொகையும் சான்றிதழும் மட்டும்தான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது எம்பிஏதான், ஆனாலும் ரசீதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்தக் கன்சல்டன்சிக்காரர். நான் 19 வருடம் கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவில் இருந்தவன், இவர்கள் வந்து போவதை தினமும் பார்த்திருக்கிறேன். உங்களிடம் 25,000 வாங்கியவர் அதே சீட்டுக்குக் கல்லூரியிடமும் கமிஷன் வாங்கியிருப்பார். மாணவர் விலகினால் அந்தக் கமிஷனைத் திருப்பித் தர வேண்டிவரும் என்பதால், அவர் உங்களுக்காகப் பேசவே மாட்டார். என் கண்ணெதிரே ஒரு அம்மா கம்மலை அடகு வைத்து இப்படி ஒருவரிடம் 30,000 கொடுத்தார், அவர் செய்ததெல்லாம் அலுவலகத்தில் எங்களிடம் ஒரு கடிதம் கொடுத்ததுதான், அந்தக் கடிதத்தை அந்த அம்மாவே கொடுத்திருக்கலாம். ஜிபேயில் தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்பவர், ரசீது அப்புறம் வரும் என்பவர், ஒரிஜினலை என்னிடம் கொடுங்கள் நான் கல்லூரியில் ஒப்படைக்கிறேன் என்பவர், இவர்கள் யாரிடமும் எதையும் கொடுக்காதீர்கள். இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் சேர்க்கைக்கும் இவரிடம் போகாதீர்கள்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது. வாயால் சொன்னதற்குக் கணக்கு இல்லை, எழுத்தில் கொடுத்த தேதிதான் கணக்கு. மகள் பெயரில், அவளே கையெழுத்துப் போட்டு, விலகுகிறேன், கட்டணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தாருங்கள் என்று முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், அதையே அச்செடுத்து ஸ்பீடு போஸ்டிலும் போடுங்கள் (பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது). ரசீது நகலை இணையுங்கள். பதில் வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். யுஜிசியின் 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதியுங்கள், காசு கிடையாது. பல இடங்களில் இந்தக் கடிதம் போன அன்றே அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். அப்போது, கல்லூரி எங்களுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை, கட்டணம் திரும்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள், அதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வங்கியில் சேரும் நாளைக்குள் ஒரிஜினல் கைக்கு வராவிட்டால், மின்னஞ்சல் நகலையும் தபால் ரசீதையும் இணைத்து, சான்றிதழ் காட்ட அவகாசம் கேட்டு வங்கிக்கு முன்கூட்டியே எழுதிவிடச் சொல்லுங்கள், சேர வேண்டிய அன்று வெறுங்கையோடு போய் நிற்க வேண்டாம்.