நோயாளியின் நன்றிக் கடிதம் பயோடேட்டாவில் சேருமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

"நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் யார் சம்பளத்தைக் கூட்டப் போகிறார்கள்? வேலையைச் சட்டுபுட்டென்று முடிக்கக் கற்றுக்கொள் என்று நர்சிங் படிக்கும் மகளிடம் சொன்னேன், தப்பா? நோயாளிகள் தரும் நன்றிக் கடிதம் அவள் பயோடேட்டாவில் சேருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேகம் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் நர்ஸின் கனிவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று நீங்கள் நினைப்பது பாதிதான் சரி.

உங்கள் மகளின் சீனியர் வாங்கியதாகச் சொன்ன டெய்ஸி விருதையே எடுத்துக்கொள்வோம். 1999இல் அமெரிக்காவில் பேட்ரிக் பார்ன்ஸ் என்பவர் 33 வயதில் இறந்துபோனார். உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தத் தட்டணுக்களை அழித்துவிடும் நோய் அவருக்கு. மருத்துவமனையில் அவரையும் தங்களையும் நர்சுகள் பார்த்துக்கொண்ட விதத்துக்கு நன்றி சொல்ல அந்தக் குடும்பம் ஏற்படுத்தியதுதான் இந்த விருது. இன்று பல நாடுகளின் மருத்துவமனைகளில் தருகிறார்கள். நோயாளியோ, வீட்டாரோ, கூட வேலை செய்பவரோ நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக் குழு அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும். ஜிம்பாப்வே சிற்பிகள் கையால் செதுக்கிய கற்சிற்பம் ஒன்றும் கொடுப்பார்கள். பரீட்சை மார்க்குக்கு இதில் இடமே இல்லை.

விருது வராவிட்டாலும் கனிவு அளக்கப்படுகிறது. அமெரிக்காவில் வீடு திரும்பிய நோயாளிகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். நர்சுகள் மரியாதையாக நடத்தினார்களா, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, புரியும்படி விளக்கினார்களா என்று அதில் கேட்கிறார்கள். 2008 முதல் மருத்துவமனை வாரியாக முடிவுகள் பொதுவில் வெளியாகின்றன. நிர்வாகம் இதை அலட்சியம் செய்ய முடியாது.

மகள் வார்டில் அழுதுவிட்டாள், இந்த வேலைக்கு ஒத்துவருவாளா என்றும் பயப்படுகிறீர்கள். அழுகையை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். கனிவு என்பது வெறும் இளகிய மனசு அல்ல, பழகி வரும் கைத்தொழில். படுக்கையருகே போனதும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது, ஊசி குத்துவதற்கு முன்பே "இப்போது சுருக்கென்று இருக்கும்" என்று சொல்வது, நின்றபடி குனிந்து பேசாமல் கண் மட்டத்துக்கு உட்கார்வது, மாத்திரை விவரத்தைச் சொல்லிவிட்டு "எப்படிச் சாப்பிடுவீர்கள், நீங்களே ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பது. இதற்கெல்லாம் தனியாக அரைமணி நேரம் ஆகாது. மருத்துவ லாபமும் உண்டு. நம்பிக்கை வைத்த சிஸ்டரிடம்தான் நோயாளி "நேற்று அந்த மாத்திரையை விழுங்கவில்லை", "காலையிலிருந்து கால் வீங்குகிறது" என்றெல்லாம் வாய் திறப்பார். அப்படிக் காதில் விழும் ஒரு தகவல் ஆபத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம். வேகமாக முடிக்கச் சொன்னீர்களே, கேட்காமல் விட்டதைப் பிறகு சரிசெய்யத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாராட்டைக் காட்டி ஆள் பற்றாக்குறையை மறைக்கும் இடங்களும் இருக்கின்றன. மே 12, உலகச் செவிலியர் தினத்தில் கேக் வெட்டுவார்கள், மறுநாளே டபுள் ஷிப்ட் போடுவார்கள். அமெரிக்காவில் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐகென் குழுவினர் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பற்றிச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவது தெரிந்தது. இருபது பேரை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு "கனிவாக இரு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதனால் இன்டர்வியூவில் "ஒரு ஷிப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள்?" என்பதை மகள் முதலில் கேட்கட்டும். விருது பற்றி அப்புறம் கேட்கலாம்.

இனி பயோடேட்டா. நன்றிக் கடிதங்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வெளியே காட்டும்போது நோயாளியின் பெயர், நோய், படுக்கை எண் எதுவும் தெரியக் கூடாது. விருதோ பரிந்துரையோ கிடைத்தால் ஒரே வரியில் சேர்க்கலாம். ஆனால் வேலை கொடுப்பவர் உன்னிப்பாகக் கேட்பது நேர்முகத்தில் அவள் சொல்லும் சம்பவத்தைத்தான். "எனக்குப் பொறுமை அதிகம்" என்று சொன்னால் எடுபடாது. பயந்துபோன நோயாளி ஒருவர் என்ன சொன்னார், தான் என்ன செய்தாள், அதன் பிறகு என்ன மாறியது என்று மூன்று நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும். தேறாமல் போன நோயாளியைப் பற்றியும் சொல்லலாம், எல்லாம் சுபமாக முடிய வேண்டியதில்லை. நோயாளியோடு செல்ஃபி எடுத்துப் போடுவது, பணமோ பரிசோ வாங்குவது, "எனக்காக எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது, மூன்றும் கூடவே கூடாது. படுக்கையில் கிடப்பவரால் மறுக்க முடியாது.

அழுகை வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மட்டும் கல்லூரி ஆசிரியையிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசச் சொல்லுங்கள். இல்லையென்றால், இந்த வாரம் அந்தச் சீனியரைச் சந்தித்து, விருதுப் பரிந்துரையில் நோயாளி வீட்டார் என்னதான் எழுதியிருந்தார்கள் என்று கேட்டுவரட்டும். நிர்வாகம் சம்மதித்தால், ஒரு முழு ஷிப்ட் அவர் கூடவே இருந்து பார்க்கட்டும்.