லீவு விட்டால் படிப்பு கெடுமா?

கேள்வி: தியாகராஜர் ஆராதனைக்கு ஒரு நாள், சதய விழாவுக்கு ஒரு நாள் என்று தஞ்சை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு கெட்டுப்போகாதா? (ஒரு வாசகர், பாபநாசம்)

பதில்: லீவைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்துக் கணக்கை நேர் செய்துவிடுவார்கள். படிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். வரலாறு, இலக்கியம், ஓவியம், பாட்டு எல்லாம் அந்தப் படிப்பில் சேர்த்தியா, இல்லையா? பல பள்ளிகளில் ஓவிய வகுப்பையும் பாட்டு வகுப்பையும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. பரீட்சை நெருங்கினால் வரலாறும் போய்விடுகிறது. இதே பக்கத்தில் பலமுறை இதை எழுதியாயிற்று, இன்னும் எழுதுவேன்.

சதய விழா ராஜராஜன் பிறந்த ஐப்பசிச் சதயத்தில் வருகிறது. அன்றைக்குப் பிள்ளையை டியூஷனில் உட்கார வைக்காமல் ரயிலேற்றித் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போங்கள். சிலைக்கு மாலை போடுவதைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் வரிவரியாக எழுத்து ஓடுகிறது. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜா உத்தரவு போடுகிறான். தனக்கு அடுத்தபடி அக்கா குந்தவையைச் சொல்கிறான், அப்புறம் மனைவிமார், அப்புறம் கொடுத்த மற்ற எல்லாரும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அரசாங்க உத்தரவு இது. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினால் புரியும்.

அதே கோயில் சுவரில் 400 ஆடல் பெண்களின் பட்டியலும் இருக்கிறது. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து அவர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். கோயிலைச் சுற்றி அவர்கள் குடியிருந்த தெருக்களுக்குத் தளிச்சேரி என்று பேர். எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு (அதாவது எந்தப் பக்கத்து வரிசை), தலைவீடா, இரண்டாம் வீடா என்று வீடு வீடாக, பேர் பேராகப் பதிவு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் (கலம் என்பது பழைய முகத்தல் அளவு) நெல். படை எடுத்த கதையை மட்டும் படித்துவிட்டு இந்த 400 பேரைத் தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியை முடித்தால், அதைத்தான் நான் படிப்பு கெட்டது என்பேன்.

இந்தப் பெண்களை நினைத்தால் எனக்குத் தியாகராஜர் ஆராதனை நடக்கிற திருவையாறு ஞாபகம் வந்துவிடும். ஆராதனையில் பெண்களைப் பாட விடாத காலம் ஒன்று இருந்தது. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை எதிர்த்து நின்றார். கவனிப்பாரில்லாமல் கிடந்த தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினவரும் அவர்தான். 1952-ல் காலமானார். அவருடைய நினைவிடமும் அங்கேயே, காவிரிக்கரையில் இருக்கிறது. பஞ்சரத்ன கீர்த்தனை கேட்கப் போகிறவர்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆராதனை நாள் லீவை இதைவிட நன்றாகச் செலவழிக்க முடியாது.

பெரிய கோயில் என்றதும் பழைய சண்டை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விழும். வெயில் சாய்ந்த பிறகு கிழக்குப் பக்கம் பிள்ளையை நிறுத்திக் காட்டுங்கள். இருநூறு அடி உயரத்துக்குக் கருங்கல்லை ஏற்றினவர்களுக்குப் பொய்ப் பெருமை எதற்கு?

இதைவிட வயிற்றெரிச்சல், நம் கிராமத்துக் கோயில்களில் நடப்பது. கும்பாபிஷேகம் வருகிறதென்று சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். கல் பளிச்சென்று ஆகிறது, எழுத்து மழுங்கிப்போகிறது. தானம் கொடுத்தவன் பேர், வாய்க்கால் பேர், நில அளவு எல்லாம் அதோடு போச்சு. உங்கள் ஊரில் திருப்பணிக் கூட்டம் கூடினால் நீங்களே எழுந்து, எழுத்துள்ள சுவரில் மணல் அடிக்கக் கூடாது, முதலில் எழுத்தைத் தாளில் ஒற்றிப் படி எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.