பழைய ஆர்15-க்கு வெர்ஷன் 2 பாடி மாட்டலாமா?

கேட்டவர் தேவகோட்டைக்காரர். 2010 மாடல் யமஹா ஆர்15 வைத்திருக்கிறார். அதற்கு வி2-வின் பாடியை முழுதாக மாட்ட முடியுமா, எதையெல்லாம் மாற்ற வேண்டும், ஆர்டிஓ தொல்லை வருமா என்பது கேள்வி.

மாட்டலாம். நான் காரைக்குடியில் என் 2009 வண்டிக்கு மாட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று ஆரம்பித்த வேலை நாலு மாதம் இழுத்தது. பிறகு கழற்றியும் வைத்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வி1 நம் ஊருக்கு வந்தது 2008-ல், வி2 2011-ல். இன்ஜின் இரண்டிலும் அதே 149 சிசி, சேஸும் டெல்டாபாக்ஸ் என்ற யமஹா வகைதான். அதனால் பாகம் விற்கிறவர்கள் “ரெண்டும் ஒண்ணுதாண்ணே, அப்படியே உட்காரும்” என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லி விற்றார்கள். உண்மையில் பெரிய மாற்றமெல்லாம் வண்டியின் பின்பாதியில் இருக்கிறது. வி2-வுக்குப் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்ம் நீண்டு அலுமினியமாகிவிட்டது, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரமான வீல்பேஸ் 1290 மிமீ-யிலிருந்து 1345 ஆனது, பின் டயர் 100/80-லிருந்து 130/70 ரேடியலாகப் பருத்தது. ஒரே சீட்டாக இருந்தது இரண்டாகப் பிரிந்து, பின் சீட் மேலே ஏறிக்கொண்டது. டெயில் விளக்கு எல்இடி.

நான் செய்த தப்பு, கண்ணுக்குத் தெரிகிற ஃபைபரை, அதாவது வெளி பிளாஸ்டிக் பாகங்களை, முதலில் வாங்கியது. மதுரையில் ஒரு பழைய பாகக் கடையில் இரண்டு பக்க ஃபேரிங் (முன்பாதியை மூடும் உறை), டெயில் பேனல், சீட் ஜோடி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். (டெயிலுக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர்.) வீட்டில் பழைய டெயிலைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துப் பார்த்தால் ஒரு ஓட்டையும் நேருக்கு நேர் வரவில்லை. அதைத் தாங்கும் ஸ்டே, ரப்பர் புஷ், காலர் எதையும் நான் வாங்கவில்லை. கடைக்காரரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

செக்காலைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த அண்ணன் கிரில், கேட் வேலை செய்பவர், பைக் வேலை அவருக்குப் புதிது. சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, கதவை வாங்கிட்டு நிலையை விட்டுட்டு வந்துட்டீங்களே” என்றார். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுக் கதவுகளை விலை பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நிலையோடு வந்த பர்மா தேக்குக் கதவு எந்தச் சுவரிலும் நிற்கும். கதவை மட்டும் வாங்கி வந்தால் ஆசாரிக்கு நாள் கணக்கில் கூலி கொடுக்க வேண்டும்.

பின் சட்டத்தை அறுத்து உயர்த்தி வெல்ட் வைத்துவிடலாமா என்று கேட்டேன். இன்டர்நெட்டில் அப்படிச் செய்த படங்களைப் பார்த்திருந்தேன். அவர் தலையாட்டவில்லை. ஆள் உட்காரும் இடத்தை அறுக்க மாட்டேன், போல்ட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி கால் செய்து தருகிறேன் என்றார். அவர் அப்படிச் சொன்னது என் அதிர்ஷ்டம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், சேஸில் ரம்பம் படக்கூடாது. எங்காவது வெல்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவின் கப்ளரையும் (வயர் இணைப்பு) உருவிவிடுங்கள். இது எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி, கவனக்குறைவாக இருந்தால் ஈசியு போய்விடும்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பழைய சட்டத்தின் மேல் மடித்த துண்டுகளை அடுக்கி, அதன் மேல் டெயிலை வேண்டிய உயரத்துக்கு உட்கார வைத்தார். பிறகு கொத்தனார் நூலை எடுத்து, ஹேண்டில் நடு நட்டிலிருந்து டாங்க் மூடியின் நடுவாக டெயில் நுனி வரை இழுத்துக் கட்டினார். டெயில் இடப்பக்கம் இரண்டு நூல் தள்ளி நின்றது, அதாவது கால் இஞ்ச். கண்ணுக்கு அது தெரியவே இல்லை. நூலில் பார்த்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை! நேராக்கிய பிறகு, சட்டத்துக்கும் டெயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கத்தரித்து அச்செடுத்தார். ஒவ்வொரு காலுக்கும் ஓர் அட்டை. அதில் பேனாவால் ஓட்டை குறித்து, மாட்டிப் பார்த்து, திருத்தி, மூன்றாவது தடவைதான் இரும்புப் பட்டையில் கை வைத்தார்.

முன்பக்கம் அந்த அளவுக்கு அடம் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் புஷ்ஷும் அதற்குள் இரும்புக் காலரும் இருந்தாக வேண்டும். போல்ட்டின் இறுக்கத்தைக் காலர்தான் வாங்கும். காலர் இல்லாமல் ஆலன் கீயைப் போட்டு முறுக்கினால் முதல் வேகத்தடையிலேயே ஃபைபர் விரிசல் விடும். எல்லாப் போல்ட்டையும் முதலில் பாதி வரை மட்டும் ஏற்றி, மொத்த பாடியும் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. வண்டியை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை இந்தக் கடைசி வரையும் அந்தக் கடைசி வரையும் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். என் வண்டியில் வலப்பக்கம் திருப்பும்போது ஏறியது. கேபிள் ஃபேரிங் ஸ்டேக்கு வெளியே போயிருந்தது. யு டர்ன் அடிக்கும்போது அது தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வரும் உள் பேனல்களை வெளியில் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். முன்னால் நுழையும் காற்றை ரேடியேட்டர் வழியே போக வைப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றில் ஒன்று இல்லாமல் சித்திரை வெயிலில் குன்றக்குடி வரை போய்ப் பார்த்தேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஃபேன் ஓட ஆரம்பித்தது, ஊருக்குள் வந்த பிறகும் நிற்கவில்லை.

வயரிங் சுலபம். யமஹாவில் பொதுவாகக் கறுப்பு எர்த், நீலம் டெயில், மஞ்சள் பிரேக். ஆனாலும் பழைய வண்டியில் யார் எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகு கப்ளரை மாற்றுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் ஃபைபர் என்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். என்ன பிளாஸ்டிக் என்று அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் விரிசலை ஒட்டலாம். அதே பிளாஸ்டிக்கின் தூளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி உள்பக்கம் தடவினால் நன்றாகப் பிடிக்கும். பிபி என்று இருந்தால் அசிட்டோனில் கரையாது, அதற்கென்று இருக்கும் பிரைமர் அடிக்காமல் பெயிண்டும் நிற்காது.

எல்லாம் மாட்டி முடித்து வண்டியைத் தெருவில் நிறுத்தினேன். முன்னாலிருந்து பார்க்க அம்சமாக இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மனசு கொஞ்சம் இறங்கியது. ஸ்விங்ஆர்மும் டயரும் வி1-னுடையவை, அதனால் உயர்ந்த டெயிலுக்குக் கீழே மெலிந்த சக்கரம் உள்ளடங்கி நின்றது. அப்பத்தா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, “ஏன்டா, வண்டி குந்த இடமில்லாம எந்திரிச்சு நிக்கிற மாதிரி இருக்கு?” என்றார். படத்தில் பார்க்கிற தோற்றம் வேண்டுமென்றால் வி2 ஸ்விங்ஆர்ம், பின் வீல், அதற்கேற்ற செயின் என்று செலவு அடுத்த கட்டத்துக்குப் போகும். நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்று, அந்த இரும்புக் கால்கள் பிளாஸ்டிக்கையும் என்னையும் தாங்கின. உயரமான பின் சீட்டில் ஓர் ஆளை ஏற்றி அவற்றை நம்ப எனக்குத் துணிவில்லை, ஏற்றவும் இல்லை. பிள்ளையார்பட்டிக்கு அம்மாவைக் கூட்டிப் போக ஸ்கூட்டரைத்தான் எடுத்தேன். வீட்டில் உங்களுக்கு இது ஒன்றுதான் வண்டி என்றால் பின்பக்கத்தை விட்டுவிட்டு முன் ஃபேரிங்கை மட்டும் மாற்றுங்கள்.

இனி ஆர்டிஓ. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் (ஆர்சி) உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று இருக்கிறது. அமைப்பில் அடிப்படை மாற்றம் எது என்று வாதாட இடமிருக்கலாம், ஆனால் சேஸை அறுத்து ஒட்டியவருக்கு அந்த இடம்கூடக் கிடையாது. நிறம் ஆர்சியில் எழுதியிருக்கும். சிவப்பு வண்டிக்கு நீல பாடி மாட்டினால் அதையும் பதிய வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லாமல் மாற்றினால் க்ளெய்ம் நேரத்தில் வழக்கு பேச வேண்டியிருக்கும்.

நான் கழற்றியதற்கும் காரணம் ஆர்சிதான். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. என்னுடையது 2024-ல் முடிந்தது, புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும். நல்லவேளையாகப் பழைய பாடியைப் பழைய வேட்டியில் சுற்றி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் போட்டு வைத்திருந்தேன். போல்ட்டுகள், கப்ளர்கள், ஒரு காலைப் பொழுது, வண்டி மறுபடி 2009 ஆகிவிட்டது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். உங்களுடையது 2010, அதனால் ஃபைபர் விலை விசாரிக்கும் முன் அந்தப் புதுப்பிப்பு வேலை முடிந்ததா என்று பாருங்கள்.

வி2 பாடி இப்போது அதே வேட்டியில் கிடக்கிறது. திரும்ப மாட்டத் தோன்றவில்லை. பிஸ்கட் பெட்டி அச்சுகளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், ஓட்டைக் குறிகள் அழியவில்லை. வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.