பார்ஸ்எரர் மட்டும் பிடித்தால் ஏன் போதவில்லை: பைத்தான் எலிமென்ட்ட்ரீயில் எக்ஸெப்ஷன் கையாளுதல்

கேள்வி சுருக்கமாக: வெளியிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோப்புகளை, பைத்தானோடு வரும் எக்ஸ்எம்எல் லைப்ரரியான எலிமென்ட்ட்ரீ கொண்டு படிக்கிறீர்கள். கோப்பின் எக்ஸ்எம்எல் அமைப்பு தவறென்றால் வரும் பிழையைப் பிடிக்க ‘எக்ஸெப்ட் பார்ஸ்எரர்’ போட்டும் சில கோப்புகளில் புரோகிராம் விழுகிறது. ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ என்று அகலமாக்கினால் விழுவதில்லை, ஆனால் பதிவுகள் சத்தமில்லாமல் விட்டுப்போகின்றன. எல்எக்ஸ்எம்எல் என்ற வெளி லைப்ரரிக்கு மாறினால் தீருமா?

மாறினால் மட்டும் தீராது. கோப்பைத் திறப்பது, பார்ஸ் செய்வது (படித்து எலிமென்ட்டுகளின் ட்ரீயாக்குவது), ட்ரீயில் தேடி மதிப்பை எடுப்பது என்று மூன்று வேலைகள் உங்கள் ஒரே டிரை பிளாக்கில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு எக்ஸெப்ஷனோடு தோற்கும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய மாற்று ஏற்பாடும் வேறு. முதலில் இவற்றைப் பிரியுங்கள்.

திறக்கும் கட்டத்தில் வருவது ஓஎஸ்எரர். கோப்பு இல்லை, அனுமதி இல்லை என்பதெல்லாம் அதன் வாரிசுகள் (சப்கிளாஸ்கள்). இங்கே நிறையப் பேர் கோட்டைவிடுவது, கோப்பை டெக்ஸ்ட் மோடில் திறந்து, படித்த ஸ்ட்ரிங்கை பார்ஸருக்குக் கொடுப்பதில். அப்படிச் செய்தால் எக்ஸ்எம்எல் அறிவிப்பில் எழுதியிருக்கும் என்கோடிங்கை யாரும் பார்ப்பதே இல்லை. பைத்தான் தன் டீஃபால்ட்டை வைத்து டீகோட் செய்துவிடும். விண்டோஸில் அது பல கணினிகளில் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய என்கோடிங். தமிழின் புள்ளி யூடிஎஃப்-8இல் 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகள். 1252இல் 141க்கு எழுத்தே கிடையாது. ஆக, மெய்யெழுத்து ஒன்று இருந்தாலே யூனிகோட்டீகோட்எரர் வரும். அது வேல்யூஎரரின் வாரிசு, பார்ஸ்எரர் வலையில் சிக்காது. பைனரி மோடில் திறந்து பைட்டுகளாகக் கொடுங்கள், அல்லது கோப்பின் பெயரையே பார்ஸ் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது கட்டத்தில் பார்ஸ்எரர் வரும். அதில் இரண்டு பயனுள்ள அட்ரிபியூட்டுகள் உண்டு, பெரும்பாலோர் தொடுவதில்லை. ‘பொசிஷன்’ வரியையும் நெடுவரிசையையும் தரும் (வரி 1இலிருந்து, நெடுவரிசை 0இலிருந்து, எடிட்டரில் தேடும்போது ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்). ‘கோட்’ என்பது அடியில் ஓடும் எக்ஸ்பாட் பார்ஸரின் பிழை எண். மெசேஜ் ஸ்ட்ரிங்கைத் துழாவாமல் இந்த எண்ணை வைத்தே முடிவெடுக்கலாம். எண் 3 என்றால் எலிமென்ட் கிடைக்கவில்லை: வரி 1, நெடுவரிசை 0 என்று வந்தால் கோப்பு காலி, கோப்பின் கடைசியில் வந்தால் டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கிறது. டேக்கின் நடுவிலேயே அறுந்தால் 5. இந்த இரண்டுக்கும் மறுபடி இறக்கிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. எண் 4க்கு நூறு முறை முயன்றாலும் அதே பதில்தான், ஏனென்றால் கோப்பிலேயே செல்லாத எழுத்து இருக்கிறது. ‘முருகன் & கோ’ என்று எஸ்கேப் செய்யாமல் எழுதிய & குறிதான் வழக்கமான குற்றவாளி. எண் 7 டேக் பொருத்தமின்மை. சர்வர் எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் ஹெச்டிஎம்எல் பிழைப் பக்கம் அனுப்பினாலும் பலமுறை இதுதான் வரும். எண் 11, அறிவிக்காத என்டிட்டி (& குறியில் தொடங்கும் சுருக்கப் பெயர்), பெரும்பாலும் ஹெச்டிஎம்எல்லிலிருந்து ஒட்டிய என்பிஎஸ்பி. எண் 17 என்றால் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் ஒரு காலி வரியோ ஸ்பேஸோ இருக்கிறது.

ஆனால் பார்ஸ் செய்யும்போது வருவதெல்லாம் பார்ஸ்எரர் அல்ல. அறிவிப்பில் பைத்தானுக்குத் தெரியாத என்கோடிங் பெயர் இருந்தால் லுக்அப்எரர் வரும். ஷிஃப்ட் ஜிஸ், ஜிபி 2312 போன்ற மல்டிபைட் என்கோடிங் என்றால் வேல்யூஎரர். இந்த இரண்டையும் அந்த எக்ஸெப்ட்டில் சேர்த்தே ஆகவேண்டும். மல்டிபைட் கோப்புகள் வாடிக்கையாக வருமென்றால், நீங்களே சரியான என்கோடிங்கில் டீகோட் செய்து ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள். ஸ்ட்ரிங் கொடுத்தால் எலிமென்ட்ட்ரீ அறிவிப்பைப் பொருட்படுத்தாது. மேலே பைட்டுகளாகக் கொடுக்கச் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

பார்ஸ்எரர், சின்டாக்ஸ்எரரின் வாரிசு. அதனால் ‘எக்ஸெப்ட் சின்டாக்ஸ்எரர்’ என்று எழுதினாலும் வேலை செய்யும். அந்த ஆலோசனையைச் சிலர் சொல்லவும் செய்கிறார்கள். செய்யாதீர்கள். ட்ரீயில் எலிமென்ட்டைத் தேடும் ஃபைன்டுக்குக் கொடுத்த பாதையில் உள்ள நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்களின் தொகுதி) பிரிஃபிக்ஸ், நீங்கள் கொடுத்த மேப்பில் இல்லையென்றாலும், பாதையின் அமைப்பே தவறாக இருந்தாலும், எலிமென்ட்ட்ரீ எறிவது வெறும் சின்டாக்ஸ்எரர். உங்கள் கோடில் உள்ள தவறு ‘வந்த கோப்பு கெட்டது’ என்று லாகில் பதிவாகும், நீங்கள் அனுப்பியவரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

மூன்றாவது கட்டம்தான் உண்மையில் ஆபத்தானது, ஏனென்றால் இங்கே எக்ஸெப்ஷனே வராமல் தப்பாகப் போகலாம். ஃபைன்டுக்கு எதுவும் கிடைக்காவிட்டால் நன் (‘எதுவும் இல்லை’ என்பதற்கான பைத்தான் மதிப்பு) திரும்பும். அதன் மேல் டெக்ஸ்ட் கேட்டால் அட்ரிபியூட்எரர். இதை எக்ஸெப்ட்டில் பிடித்து ‘அந்தப் புலம் இல்லை போல’ என்று நகர்வதுதான் பதிவுகள் காணாமல் போவதற்கு முதல் காரணம்: அட்ரிபியூட் பெயரில் நீங்கள் செய்த எழுத்துப்பிழையும் அதே எக்ஸெப்ஷனாகத்தான் வரும். ஃபைன்ட்டெக்ஸ்ட் பயன்படுத்துங்கள். எலிமென்ட் இல்லையென்றால் நீங்கள் கொடுத்த டீஃபால்ட் வரும், எலிமென்ட் இருந்து உள்ளே காலி என்றால் காலி ஸ்ட்ரிங் வரும். இல்லாததையும் காலியாக இருப்பதையும் பிரித்துப் பார்க்க இது போதும்.

‘இஃப் எலிமென்ட்’ என்று சோதிப்பது இன்னொரு பொறி. பிள்ளை எலிமென்ட் இல்லாத எலிமென்ட், உள்ளே டெக்ஸ்ட் இருந்தாலும், ஃபால்ஸ் ஆகத்தான் மதிப்பிடப்படும். விலை 450 என்று எழுதியிருக்கும் எலிமென்ட் கையில் இருக்கும்போதே ‘விலை இல்லை’ என்ற கிளைக்குள் போய்விடும். பைத்தான் 3.12 முதல் இதற்கு டெப்ரிகேஷன் எச்சரிக்கை வருகிறது. ‘இஸ் நாட் நன்’ என்று முழுதாக எழுதுங்கள். கோப்பில் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் இருந்தாலும் வெறும் பெயரில் தேடினால் நன்தான் கிடைக்கும், 3.8 முதல் நெளிவடைப்புக்குள் நட்சத்திரம் போட்டு, பின்னால் டேக் பெயரை எழுதி எந்த நேம்ஸ்பேஸிலும் தேடலாம்.

பெரிய கோப்புகளுக்கு, துண்டு துண்டாகப் படிக்கும் இட்டர்பார்ஸ் பயன்படுத்தினால், அந்த அழைப்பைச் சுற்றி மட்டும் டிரை போட்டுப் பயனில்லை. பிழை வருவது லூப் சுற்றும்போது, கெட்ட வரியை எட்டும்போது. லூப்பையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் முதல் பத்தாயிரம் பதிவுகள் ஏற்கெனவே டேட்டாபேஸுக்குள் போயிருக்கும். ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்து, லூப் முழுதாக முடிந்த பிறகே கமிட் செய்யுங்கள்.

இத்தனை எக்ஸெப்ஷனையும் அழைக்கும் இடமெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. கோப்பைப் படிக்கும் ஒரே ஃபங்ஷனில் பார்ஸ்எரர், லுக்அப்எரர், வேல்யூஎரர் மூன்றையும் பிடித்து, கோப்பின் பெயரும் இருந்தால் வரி எண்ணும் சேர்த்து, உங்கள் சொந்த எக்ஸெப்ஷனாக ‘ரெய்ஸ் ஃப்ரம்’ கொண்டு எறியுங்கள். மூலக் காரணம் ட்ரேஸ்பேக்கில் அப்படியே இருக்கும். அந்த டிரைக்குள் பார்ஸ் செய்யும் வரி தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

இனி மாற்றுகள். ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே உள்ள மினிடாம் எக்ஸ்பாட்எரரை அப்படியே வெளியே விடும், சாக்ஸ் தன் பங்குக்கு சாக்ஸ்பார்ஸ்எக்ஸெப்ஷன் எறியும். எக்ஸெப்ஷன் பிரச்சினைக்காக இவற்றுக்கு மாறுவது வீண்.

எல்எக்ஸ்எம்எல்லுக்கு மாறுவதில் லாபம் உண்டு. ஒரு பிழையோடு நிற்காமல் எரர் லாகில் வரி, நெடுவரிசை, செய்தி என்று வரிசையாகத் தரும். தேடல் பாதை எழுதும் எக்ஸ்பாத் மொழியில் வரும் பிழைகளுக்குத் தனி எக்ஸெப்ஷன் வைத்திருக்கிறது. எழுதும் பக்கமும் கண்டிப்பானது. எலிமென்ட்ட்ரீ, டெக்ஸ்டில் கண்ட்ரோல் எழுத்து இருந்தாலும் கேள்வி கேட்காமல் எழுதிவிடும், பிறகு தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் 4 என்று விழும். எல்எக்ஸ்எம்எல் மதிப்பை வைக்கும் வரியிலேயே வேல்யூஎரர் எறியும். பதிலுக்கு, என்கோடிங் அறிவிப்போடு உள்ள ஸ்ட்ரிங் கொடுத்தால் அதற்கும் வேல்யூஎரர் எறியும். பைட்டுகள்தான் கொடுக்க வேண்டும்.

கெட்ட கோப்பையும் முடிந்தவரை படித்துத் தரும் அதன் ‘ரிகவர்’ வசதியைப் பலர் மருந்தாகச் சொல்வார்கள். உங்கள் கேஸில் அது நோயை மறைக்கும். ‘முருகன் & கோ’வில் & குறி சத்தமில்லாமல் போய்விடும். & குறியை ஒட்டி எழுத்து வந்தால் என்டிட்டி பெயர் என்று நினைத்து அதையும் சேர்த்து விழுங்கும். முழுக் குப்பையைக் கொடுத்தால் ரூட்டுக்குப் பதில் நன் வரலாம். கணக்கு, பில் சம்பந்தப்பட்ட கோப்புகளில் ரிகவர் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் எரர் லாக் காலியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, லாக் காலியாக இல்லாத கோப்பைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

முன்பின் தெரியாதவர்கள் கோப்பு ஏற்றும் இடமென்றால், தீங்கான எக்ஸ்எம்எல்லைத் தடுக்கும் டிஃப்யூஸ்ட்எக்ஸ்எம்எல் லைப்ரரி போடலாம். என்டிட்டி அறிவிப்புகள் இருந்தால் அது மறுத்துவிடும். அந்த மறுப்பும் வேல்யூஎரரின் வாரிசாகத்தான் வரும் என்பதால் மேலே சொன்ன ஃபங்ஷன் மாறாமல் அதையும் பிடித்துக்கொள்ளும்.