மிக்ஸி சத்தத்துக்கு அலறும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். சட்டையில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்று அழுகிறான். முடி வெட்டப் போனால் சலூனே இரண்டுபடுகிறது. ஆசிரியை ‘அடம்’ என்கிறார். ஒரு தெரபி மையத்தில், ‘புலன் செயலாக்கக் குறைபாடு, 6 மாதத்தில் முழுக்கச் சரியாக்கிவிடுவோம், மொத்தப் பணத்தையும் முன்பே கட்டுங்கள்’ என்கிறார்கள். கட்டலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் அம்மா. முதலில் ஆசிரியை சொன்னதைப் பேசிவிடுவோம். அடம் பிடிக்கிற பிள்ளை, கேட்டது கைக்கு வந்ததும் அழுகையை நிறுத்திவிடும். நீங்கள் எழுதியிருப்பது போன்ற பிள்ளைகள், மிக்ஸி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் காதில் சும்மா விழுகிற சத்தம் அவர்களுக்கு வலிக்கிறது. அதற்காக யாரும் அவனை அதட்டவோ அடிக்கவோ கூடாது.

ஐம்புலன் என்றுதான் பள்ளியில் படித்தோம். அவற்றோடு இன்னும் சில புலன்களும் உண்டு: உடம்பு சாய்வதைச் சொல்ல உட்காது இருக்கிறது, கைகால் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தசையும் மூட்டும் இருக்கின்றன. இவை எல்லாம் அனுப்பும் தகவலை மூளை ஒழுங்குபடுத்துவதில் சிக்கல் வரலாம் என்ற கருத்தை வளர்த்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடக் காரியங்களைச் செய்யப் பயிற்சி தருபவர். 1972இல் இதைப் பற்றி நூலும் எழுதினார். இன்றைய புலன் ஒருங்கிணைப்பு தெரபி அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் உங்களிடம் சொன்ன ‘புலன் செயலாக்கக் குறைபாட்டை’ ஒரு தனி நோயாக மருத்துவ உலகம் இன்னும் ஏற்கவில்லை. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இது தனியாக இல்லை, புலன் தொந்தரவு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இருக்கிறது. இந்தப் பெயரை மட்டும் சூட்டி நிறுத்திவிடாமல் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இலேயே சொல்லிவிட்டது. நானும் அதைத்தான் சொல்வேன். செவித்திறன் பரிசோதனை ஒன்று, முழு வளர்ச்சி மதிப்பீடு ஒன்று, இரண்டையும் முதலில் செய்யுங்கள். ஆட்டிசமோ கவனக்குறைவுக் கோளாறோ பதற்றமோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். எதுவும் இல்லாமல் புலன் தொந்தரவு மட்டும் உள்ள பிள்ளைகளும் உண்டு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

சரி, தெரபி பலன் தருமா? 2014இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 32 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், தெரபி எடுத்தவர்கள் பெற்றோர் கேட்ட அன்றாடக் காரியங்களில் நன்றாக முன்னேறினார்கள். 2022இல் பிரிட்டனில் 138 பிள்ளைகளோடு இன்னும் பெரிய ஆய்வு வந்தது. வழக்கமான கவனிப்பைவிடத் தெரபியால் எரிச்சலும் கொந்தளிப்பும் கூடுதலாகக் குறைந்ததாக அதில் தெரியவில்லை. இந்த நிலையில் ‘முழுக்கச் சரியாக்குவோம்’ என்று ஒருவர் வாக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தெரபியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போங்கள், மாதா மாதம் பணம் கட்டுங்கள். ‘சலூனில் 10 நிமிடம் உட்கார வேண்டும்’ என்பது போல இரண்டு காரியங்களை மட்டும் எழுதிக்கொடுங்கள். 3 மாதத்தில் அவற்றில் மாற்றம் இல்லை என்றால் வழியை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் இன்றே தொடங்கலாம். மிக்ஸி போடும் முன் சொல்லுங்கள், முடிந்தால் ஸ்விட்சை அவனையே போட விடுங்கள். எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது தன் கையில் இருந்தால் அதே சத்தத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள், புதுச் சட்டையை இரண்டு மூன்று முறை துவைத்துப் போடுங்கள். முடியைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே, அப்பா மடியில் வைத்து, மெஷின் இல்லாமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தலையை லேசாகத் தடவினால் இவர்களுக்குக் கூசும், அழுத்திப் பிடித்தால் நிம்மதியாக இருப்பார்கள். காதை மூடும் ஹெட்போனைத் திருவிழா, பட்டாசு போன்ற நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் போட்டால் காது இன்னும் கூர்மையாகிவிடும்.

ஆசிரியையிடம் சண்டை வேண்டாம். ‘மணிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், மணி அடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தாங்க முடியாவிட்டால் 5 நிமிடம் வராந்தாவில் நிற்க விடுங்கள்’ என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். இது பெரும்பாலான ஆசிரியர்களால் முடியும்.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள்: எந்தச் சத்தம், எந்த நேரம், எவ்வளவு நேரம் அழுதான், எதனால் அடங்கினான், முந்தின இரவு நன்றாகத் தூங்கினானா என்று. இந்தத் தொந்தரவு சமீபத்தில் திடீரென்று தொடங்கியிருந்தாலோ, காது வலி இருந்தாலோ, பேசிக்கொண்டிருந்த பேச்சு குறைந்திருந்தாலோ அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.