பயனீட்டாளர் கேள்வி-பதில்: பூட்டைக் கழற்றவும் கட்டணமா?

கேள்வி: ஐயா, எங்கள் செம்பனைக் கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு விண்டோஸ் சர்வர்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. கணக்கு மென்பொருளைத் திறந்தால் ஒன்றில் திரை மங்கி, மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்கிறது. மற்றது வாயே திறப்பதில்லை. கேட்கும் சர்வர் பழுது, விண்டோஸைப் புதிதாகப் போட 1,800 வெள்ளி என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
– சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். இது பழுதே அல்ல. எந்தப் பயனர் கணக்கில் உள்ளே நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது.

விண்டோஸோடு சேர்ந்தே வரும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கணக்குக்கு, அமைப்பை யாரும் மாற்றாதவரை, இந்தக் கேள்வி வராது. அந்தக் கணக்கில் திறப்பதெல்லாம் முழு அதிகாரத்தோடு ஓடும். உங்கள் பெயரில் தனிக் கணக்கு திறந்து, அதை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்திருந்தால் நிலைமை வேறு. அன்றாட வேலைகளைச் சாதாரணப் பயனராகவே செய்ய விண்டோஸ் விடும். முழு அதிகாரம் தேவைப்படும் இடத்தில் மட்டும் நிறுத்திக் கேட்கும். 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த 'யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்' என்ற ஏற்பாடு இது. சர்வர்களுக்கு 2008 பதிப்பில் வந்தது. ஒரே சர்வரில்கூட விண்டோஸின் சொந்தக் கருவிகள் சில கேட்காமல் திறக்கும், வெளியார் மென்பொருள் கேட்கும். அதுவும் இயல்பான அமைப்புதான்.

கேட்கும் சர்வரில் ஒரே ஒரு முறை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கில் நுழைந்து பாருங்கள். கேள்வி வரவில்லை என்றால் அந்த 1,800 வெள்ளி வெறும் கதை. அப்போதும் வந்தால், இரண்டு சர்வர்களிலும் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யைத் திறந்து, 'செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்' என்று தொடங்கும் வரிகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எந்த வரி மாறியிருக்கிறதோ அதுதான் காரணம். சர்வர்கள் டொமைனில், அதாவது பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில், இருந்தால் அங்கிருந்து வரும் கொள்கை உங்கள் மாற்றத்தை மேலெழுதிவிடும். ஆகவே டொமைனிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது வாய் திறக்காத அந்த இரண்டாவது சர்வரைப் பற்றித்தான். நம் ஊர்க் கடைகள் சர்வரை ஒப்படைக்கும் அழகைப் பார்த்திருக்கிறேன். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு ஒன்று, கடவுச்சொல் ஒன்று, அதை எழுதிய ஒட்டுத்தாள் திரையின் ஓரத்தில். செயலாளரும் அதில்தான் நுழைகிறார், கணக்கரும் அதில்தான், பள்ளி விடுமுறையில் உதவிக்கு வரும் பையனும் அதில்தான். நாளை ஒரு கோப்பு காணாமல் போனால் யார் அழித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பதிவேட்டில் எல்லா இடத்திலும் ஒரே பெயர் இருக்கும். சர்வர் வாங்கும்போதே ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்று கேட்டு, அதை விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். ஈப்போ தூரமில்லை.

இன்னொன்று. வரவு செலவு எழுதும் மென்பொருளுக்குத் தினமும் முழு அதிகாரம் எதற்கு? அதை விற்றவரிடம் கேளுங்கள். அந்த அனுமதிப் பெட்டியின் தலைப்பு மஞ்சளாக இருந்தால், மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று விண்டோஸால் உறுதி செய்ய முடியவில்லை என்று பொருள். தீபாவளி மலிவு விற்பனையில் நான் வாங்கிய ரசீது அச்சுப்பொறியின் மென்பொருளும் மஞ்சள் ரகம்தான். விற்றவரிடம் கேட்டதற்கு, "கேள்வியை நிறுத்திவிடுங்கள், சரியாகிவிடும்" என்றார். அந்த அச்சுப்பொறி இப்போது என் அலமாரிக்கு மேல் தூசி வாங்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நான் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்கிறேன். ஆனாலும் சம்பளக் கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. 'கண்டினியூ' அழுத்தினால் திறந்துவிடுகிறது, அதன் பிறகு கேட்பதே இல்லை. ஏன்?
– தோட்டக் கிராணி, கோலகங்சார்

பதில்: குழுவில் இருந்தாலும் அன்றாட வேலையில் நீங்கள் சாதாரணப் பயனர்தான், அதனால்தான் முதலில் தடை. நீங்கள் 'கண்டினியூ' அழுத்தியதும் அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயர் நிரந்தரமாக ஏறிவிட்டது. நாளை உங்களைக் குழுவிலிருந்து நீக்கினாலும் பெயர் அங்கேயே இருக்கும். சம்பளக் கோப்புறை அல்லவா, நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். சம்பளப் பிரிவுக்கென ஒரு தனிக் குழு அமைத்து, கோப்புறைக்கு அந்தக் குழுவின் அனுமதியைக் கொடுத்து, தேவையானவர்களை மட்டும் அதில் சேர்ப்பதே சரியான வழி. சேர்த்தபின் ஒரு முறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

கேள்வி: மென்பொருளைச் சாதாரணமாகத் திறந்தால் சர்வரிலிருந்து இணைத்த இசட் டிரைவ் தெரிகிறது. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் மறைந்துவிடுகிறது.
– பட்டறை உரிமையாளர்

பதில்: டிரைவை இணைத்தது சாதாரண அதிகாரத்தில் இருந்த நீங்கள். முழு அதிகாரத்தில் ஓடும் நிரலுக்கு அந்த இணைப்பு தெரியாது. டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, சர்வர் பெயருடன் தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி: போன மாதம் பழைய சர்வர் ஒன்றை 900 வெள்ளிக்கு வாங்கினேன். ரசீது இல்லாமல் வாங்கினால் 50 வெள்ளி குறைவு என்றார்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்பு. எதைத் தொட்டாலும் கடவுச்சொல் கேட்கிறது. என்னிடம் அது இல்லை.

பதில்: ஆம் இல்லை என்று கேட்காமல் கடவுச்சொல்லே கேட்கிறது என்றால், உங்களுக்குக் கிடைத்தது சாதாரணப் பயனர் கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர் இன்னும் விற்றவர்தான். அந்தப் பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ரசீதை விற்று 50 வெள்ளி சம்பாதித்தவருக்கு நான் என்ன சொல்ல?

கேள்வி: இணையத்தில் 60 வெள்ளிக்கு விண்டோஸ் சர்வர் உரிமம் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: ஐயா, சிறிய டியூஷன் நிலையம் நடத்துகிறேன். அனுமதி கேட்டுத் தொல்லை செய்கிறது என்றதும், ஒருவர் 350 வெள்ளி வாங்கிக்கொண்டு சரி செய்துவிட்டேன் என்றார். ரசீதில் 'சர்வீஸ்' என்று மட்டும் இருக்கிறது. இரண்டு வாரத்தில் வைரஸ் வந்து மாணவர் பதிவுகளும் பேக்அப்பும் போய்விட்டன. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?
– ஆசிரியை

பதில்: அம்மா, உங்கள் நிலை எனக்கு மனவருத்தம் தருகிறது. அவர் எதையும் சரி செய்யவில்லை. கதவு கிறீச்சிடுகிறது என்றதற்குப் பூட்டையே கழற்றி எடுத்துக்கொண்டு கூலியும் வாங்கியிருக்கிறார். அனுமதிக் கேள்வி இருந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் சொந்தக் கோப்புகளைக் கெடுக்க வைரஸுக்கு முழு அதிகாரம் தேவையில்லை. ஆனால் விண்டோஸ் எடுத்துவைக்கும் பழைய நகல்களை அழிக்கவும், ஆன்டிவைரஸை நிறுத்தவும் அது தேவை.

முதலில், மேலே சொன்ன 'யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்' வரிகளில் 'ரன் ஆல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இன் அட்மின் அப்ரூவல் மோட்' என்ற வரி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்த பிறகே அதை மறுபடி இயக்கி, சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 வெள்ளி, பொதுவாக வழக்கறிஞர் கூடாது. ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கானது. தொழிலுக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு சொன்னால் மனு நிற்காது. உங்களுக்கு ஏற்றது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை. 5,000 வெள்ளி வரை கேட்கலாம். அதற்கு முன், என்ன வேலை செய்தார் என்பதை அவரிடம் வாட்ஸ்அப்பில் நயமாகக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வழக்கு என்ற சொல்லை அதுவரை உச்சரிக்க வேண்டாம்.